அம்பு எந்தப் பக்கம்

தீக்குச்சியின் முனை படத்தின் வலது ஓரத்தில் தொடங்கி இடதுபக்கமாக ஊர்கிறது. கிதார் பெடலுக்கான சர்க்யூட் படத்தை மற்றவர்கள் இடமிருந்து வலமாகத்தான் படிப்பார்கள். கிதாரின் ஒலி நுழைகிற வாசல் இடது ஓரம். லிப்ட்காரர் மட்டும் ஒலி வெளியேறுகிற வாசலில் ஆரம்பிப்பார். ஏன் என்று கேட்டால், "உள்ள போறது பெரிய விஷயமா? வெளிய வர வழி இருக்கான்னு முதல்ல பாக்கணும்" என்பார். பகல் முழுக்க அடுக்குமாடிகளில் பாதியில் நின்றுபோன லிப்டுகளைக் கிளப்புகிறவர் வேறு எப்படிப் பேசுவார்?

வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையின் பாதி அவருக்கு. அங்கே உட்கார்ந்து, ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் புகைக்கு நடுவே, காலால் மிதித்தால் கிதாரின் குரலையே மாற்றிவிடுகிற சின்னப் பெட்டிகளைச் செய்வார். படத்தை மனதுக்குள் படிக்க அவருக்கு வராது. ஆட்களை அறிமுகப்படுத்துவது போல வாய்விட்டுத்தான் படிப்பார். கெப்பாசிட்டர் வந்தால், "இவன் வாட்ச்மேன். நேரா வந்தா விடமாட்டான், ஆடிக்கிட்டு வந்தாத்தான் விடுவான்." ரெசிஸ்டர் வந்தால், "இவன் நம்ம மேனேஜர். எதையும் பாதியாக்கித்தான் அனுப்புவான்." டிரான்சிஸ்டர் வந்தால், "இவனுக்கு மூணு காலு, அம்பு எந்தக் கால்லன்னு பாத்துத்தான் நிறுத்தணும்." கோடு தரை இணைப்புக் குறியில் முடிந்தால், "சரி, இவன் கதை முடிஞ்சுது." கோடுகள் குறுக்கே வெட்டுகிற இடத்தில் புள்ளி இருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார்ப்பார். புள்ளி இருந்தால் சேர்க்கை, இல்லாவிட்டால் சும்மா தாண்டிப் போகிறது. இத்தனைக்கும் அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. குளியலறையில்கூடப் பாடியவர் இல்லை.

மேஜையின் மறுபாதியில் மனைவியின் தையல் மிஷின் இருக்கிறது. தொளதொளத்த சட்டைகளைப் பிடித்துத் தைப்பதில் அந்தம்மா கெட்டிக்காரி. யாராவது அதைச் சொல்லிப் புகழ்ந்தால் லிப்ட்காரர்தான் அதிகமாகப் பூரித்துப்போவார். அந்தப் பெருமையெல்லாம் மனைவி மேஜையின் இந்தப் பாதிக்கு வராதவரைக்கும்தான்.

போன மாதம் வந்துவிட்டார். இவர் பென்சிலால் நகலெடுத்துப் பிரித்து வைத்திருந்த படத்தை எடுத்து, துணி வெட்டுவதற்கு முன் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தார். தீக்குச்சியும் இல்லை, பேச்சும் இல்லை. இரண்டே வாரத்தில் பெட்டி தயார். "இதுல என்னங்க இருக்கு? எது எதோட சேரணும்னு தெரிஞ்சா ஒட்டிடலாம்." லிப்ட்காரருக்கு வயிறு எரிந்தது. அவருடைய முதல் பெட்டி வாயைத் திறக்க எத்தனை தடவை தலைகீழாக நின்றார் என்பது அவருக்குத்தானே தெரியும். "பரவாயில்லையே" என்றார்.

மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, கிதார் வாசிக்கிறவன். அவனுடைய குழுவின் முதல் பாட்டு ஒலிப்பதிவாக இருந்தது. இத்தனை வருஷமும் அத்தான் பெட்டியைத் தவிர வேறெதையும் அவன் மிதித்ததில்லை. லிப்ட்காரர் அந்தப் பாட்டுக்காகவே புதிதாக ஒன்று செய்து, மூலைகளைத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தார். தன் கைவேலை ஒன்று வெளியுலகத்தின் காதில் விழப்போகிற முதல் தடவை அது.

ஒலிப்பதிவுக்கு முந்தின சாயங்காலம் மைத்துனன் வந்து இரண்டையும் மாற்றி மாற்றி மிதித்தான். அத்தான் பெட்டியில் கிதார் நன்றாக அலறியது. அக்கா பெட்டியில் அலறவில்லை. சளி பிடித்த குரலில் யாரோ ரகசியம் சொல்கிற மாதிரி கரகரத்து, வாக்கியம் முடிவதற்குள் மூச்சு முட்டி நின்றது. மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டான். "அக்கா, இதத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன்."

"கொடு அதை" என்று வாங்கினார் லிப்ட்காரர். மூடியைக் கழற்றி, படத்தைப் பக்கத்தில் விரித்து, தீக்குச்சியோடு வலமிருந்து கிளம்பினார். பாதி வழியில் முகம் மலர்ந்துவிட்டது.

"டிரான்சிஸ்டரைத் திருப்பி வச்சிருக்கா! படத்துல அம்பு எந்தக் கால்ல இருக்கு பாரு, இங்க எந்தக் கால் இருக்கு பாரு!"

துணியின் உள்பக்கத்தில் குறி போட்டுப் பழகிய கை. சர்க்யூட் பலகையையும் கவிழ்த்து வைத்துப் பார்த்திருக்கிறார் மனைவி. இடது வலதாகிவிட்டது.

"தப்பா இருந்தா எப்படிங்க பாடுது?"

"பாடல. இருமுது!"

சாக்கெட்டில் செருகியிருந்த டிரான்சிஸ்டரைப் பிடுங்கித் திருப்பி வைத்தார். "இப்ப வாசி மாப்ள." மைத்துனன் வாசித்தான். கிதார் கச்சிதமாக அலறியது. அவன் முகம்தான் சுண்டிப்போனது.

"அத்தான், இது உங்க பெட்டி மாதிரியே இருக்கு."

புகழ்ச்சியாக எத்தனையோ தடவை கேட்ட வார்த்தைதான். குறையாக அன்றுதான் முதலில் கேட்டார்.

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்னங்க, சால்டரிங்கே பண்ணல, காதுல புகை வருது?" என்றார். மைத்துனனும் சேர்ந்து சிரித்தான். லிப்ட்காரருக்கு அந்தப் பெட்டியை ஜன்னல் வழியாக வீசலாம் போலிருந்தது. ஆனால் அவர் காதும் காதுதானே. அந்த இருமலில் இருந்த என்னவோ ஒன்று, சரியாக வைத்த பிறகு இல்லை. அவர் செய்த எந்தப் பெட்டியிலும் அது இருந்ததில்லை. டிரான்சிஸ்டரைக் கழற்றி, மறுபடியும் தப்பாகவே வைத்து, மூடியை முடுக்கி மைத்துனனிடம் நீட்டினார். அவன் அதை அக்காவின் பழைய சேலைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோனான். வழவழப்பான பெட்டி மேஜையிலேயே இருந்தது.

மனைவி கதவு வரை தம்பியோடு போய் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். லிப்ட்காரர் படத்தை முன்னால் இழுத்தார். படம் தப்பாகாது, வைக்கிற கைதான் தப்பாகும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், ரப்பரை எடுத்து அம்பை அழித்தார். எதிர்ப்பக்கத்துக் காலில் புதிதாக ஓர் அம்பை அழுத்தி வரைந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, படத்தின் அடியில் தன் பெயரைப் போட்டார்.

"என்னங்க எழுதறீங்க?" என்று கதவைச் சாத்திவிட்டு வந்தார் மனைவி.

"ஒண்ணும் இல்லையே" என்று உள்ளங்கையை விரித்துப் படத்தை மூடிக்கொண்டார்.