பாய்த்துணியில் தெரிந்த மாமனார்

ஓர் உப்பளம், மூன்று தோணி, மில்லர்புரத்தில் மாடி வீடு. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன் உண்டாக்கியவை இவை. அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாருக்கே சாந்து குழைக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெருமை, எழுபதுகளில் ஒரு மாலை கடற்கரையில் நான் திரையாகக் கட்டிய என் முதல் தோணியின் பாய்தான்.

எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் எங்கிருந்தோ ஒரு படச்சுருள் கொண்டுவந்திருந்தார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு துரை எடுத்தது. தீவுக் குடிசைகளும் முத்துக்குளிப்பும் அதில் உண்டு என்றார். என் மாமனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இளவயதில் முத்துக் குளித்தவர். துரை தன்னைப் படம் பிடித்தான் என்று தனக்குக் கல்யாணமான நாள் முதல் சொல்லிவந்தார். ஒருவரும் நம்பவில்லை. "என்ன அண்ணாச்சி, அடுத்த படம் எப்பம்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

அன்று கடற்கரை கொள்ளாத கூட்டம். பாயில் தண்ணீர் அடித்தால் வெளிச்சம் ஊடுருவிப் பின்பக்கமும் படம் தெரியும் என்பது என் மூளைக்குத்தான் எட்டியது. படித்தவர் எவருக்கும் எட்டவில்லை. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் என்று உட்கார்ந்தார்கள்.

படத்தில் ஒருவன் ஆங்கிலத்தில் பேசப் பேச, சாமியார் தமிழில் சொன்னார்: "இந்தத் தீவு மக்கள் கவலையே அறியாதவர்கள்." அப்போது ஓர் இளைஞன் சிப்பியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். மாமனார் துள்ளி எழுந்தார்.

"ஏலே, அது நாந்தாம்லே! கவலை இல்லையாம்லா! அன்னைக்கு எனக்குக் குளிர்காய்ச்சல். துரை சிரிக்கச் சொன்னான், சிரிச்சேன்."

பாய்க்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது: "உக்காரும், உக்காரும்! அவன் சோத்துக்கையால தூக்குதான். நீரு நொட்டாங்கைக்காரரு. கட்டுன எனக்குத் தெரியாதா?"

கடற்கரையே சிரித்தது. பெண்டாட்டியே இல்லை என்ற பிறகு யார் நம்புவார்? மாமனார் முகம் சுருங்கி மணலில் உட்கார்ந்தார். எனக்குத் தாங்கவில்லை. அப்போதுதான் பொறி தட்டியது: பின்னாலிருந்து பார்த்தால் இடது வலதாகுமே! அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொல்லிவிட்டு, "அத்தை, எங்க பக்கம் வந்து பாருங்க" என்று மாமியாரை அழைத்துவந்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆண்கள் நடுவே நின்றார். சிப்பி மேலே வந்தது, இடது கையில். திரையையும் புருசனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆத்தாடி, இந்த மனுசன் இம்புட்டு அழகாவா இருந்தாரு!"

மாமனார் மீசையை நீவினார். "ஏளா, இப்பம் மட்டும் என்ன குறைச்சல்?"

அதன்பிறகு அவரை எவனும் கேலி செய்யவில்லை.

இப்போது அந்தப் படத்தைக் குளிரூட்டிய மண்டபத்தில் காட்டுகிறார்கள். சுவரோடு ஒட்டிய திரை. பின்னால் யாரும் உட்கார முடியாது. முடிவில் துரையின் பெயர் வருகிறது. காய்ச்சலோடு சிரித்தவரின் பெயரைக் காணோம். அதைப் போட வேண்டும். அதன் கீழே, பாய் கட்டித் தண்ணீர் அடித்து அவரை ஊருக்கு அடையாளம் காட்டியவன் என்று என் பெயரும் வர வேண்டும். கொஞ்சம் பெரிய எழுத்தில்.