முன்வரிசையில் நின்றவள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘லாரி’ என்று பெயர். எதிரே வந்தால் வழிவிட வேண்டுமாம். பதினாறு வருடமாக நின்றபடியே படுக்கை விரிப்புகளை மடித்ததில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. “எடையைக் குறைங்க, இல்லேன்னா கத்திதான்” என்றார் டாக்டர். அதற்குப் பயந்துதான் துணிக்கடை மாடியில் மாலையில் நடந்த பெண்கள் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள்.

பன்னிரண்டு பேரில் அவள்தான் பெருத்த உடம்பு. பயிற்சி சொல்லித்தரும் பெண் அவளை முன்வரிசை நடுவில் நிறுத்தினாள். பத்தே நிமிடத்தில் மூச்சு வாங்கி, தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் போகவில்லை. பயிற்சி சொல்லித்தந்தவளிடமிருந்து போன் வந்தது.

“என்னக்கா இது? நீங்க வரலேன்னா எனக்கு கிளாஸே ஓடாது.”

அவளைத் தேடி ஒருவர் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று! உருகிப்போனாள். அதன்பின் காய்ச்சலோடும் போனாள். வழக்கமாக ஒரு மாதத்தில் பாதிப் பேர் கழன்றுகொள்ளும் வகுப்பு அது. இந்த முறை ஒருத்திகூட விலகவில்லை. எல்லாரும் அவளிடம் அத்தனை அன்பாக இருந்தார்கள். “மெதுவா செய்யுங்க, உங்களுக்கு இதுவே பெரிசு” என்று தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள், கூடப் பயின்ற மருந்துக்கடைக்காரி.

ஏழு மாதத்தில் பதினான்கு கிலோ இறங்கியது. மாடிப்படியைக் கைப்பிடி தொடாமல் ஏறினாள். அன்றைக்கு எடைக்கருவியைப் பார்த்த மருந்துக்கடைக்காரியின் முகம் சுண்டிப்போனது.

“பரவாயில்லையே, எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க” என்றாள். அன்று அவள் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள்.

அதற்கடுத்த வாரம் முன்வரிசை நடுவில் புதிதாக ஒரு பெண் நின்றாள். வங்கிக் காசாளர், அவளைவிட இரண்டு மடங்கு பருமன். இதுவரை அங்கே நின்றவளைப் பயிற்சியாளர் தோளைப் பிடித்துப் பின்வரிசைக்கு நகர்த்தினாள்.

வகுப்பு முடிந்ததும் அவள் பயிற்சியாளரிடம் கேட்டாள். “நான் என்ன தப்பு பண்ணேன்?”

“தப்பில்லக்கா. மறைக்காம சொல்லிடறேன். உங்களப் பாத்து, ‘நாம தேவலாம்’னு நெனச்சுதான் எல்லாரும் நின்னாங்க. இப்ப உங்களப் பாத்தா அவங்களுக்கு எரியுது. நான் வகுப்ப நடத்த வேணாமா?”

“அப்ப அந்த போன்?”

“வேற யாருக்கும் பண்ணதில்ல” என்றாள், ஆறுதல் சொல்வதுபோல.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் புரைக்கேறும் வரை சிரித்தான். “உன்னை எதுக்குக் கூப்பிடுவாங்கன்னு நெனச்ச? எனக்கு மொத நாளே தெரியும்.”

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. இனி அந்தப் படியை மிதிப்பதில்லை என்றுதான் இருந்தாள். ஆனால் வலியில்லாத முழங்கால்களை விட மனமில்லை. மறுநாளும் போனாள்.

எட்டாவது நிமிடம் காசாளர் தடுமாறி, தொப்பென்று உட்கார்ந்தாள். மருந்துக்கடைக்காரி பின்வரிசைப் பக்கம் திரும்பி அவளைப் பார்த்து, பழையபடி நட்பாக, கண்ணைக் காட்டினாள். பின்வரிசையில் நின்றவளுக்கும் சிரிப்பு வந்தது. நெஞ்சு லேசானதுபோல் இருந்தது. அவள் அதை அடக்கவில்லை.

“மெதுவா செய்யுங்கம்மா” என்று முன்வரிசைக்குப் போய்த் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். காசாளர் கண் கலங்க வாங்கிக் குடித்தாள்.