ஒரு எம்பிக்குள் அருள்ராஜ்

பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் பீரோ அகலத்தில் ஒரு கடை. மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் பாட்டு ஏற்றித் தருவதுதான் அங்கே சந்திரகலாவின் பிழைப்பு. பதினைந்து வருடமாக ஒரே ஸ்டூல், வருகிறவர்களிடமிருந்து ஒரே கேள்வி: "இதுல எத்தினி பாட்டு புடிக்கும்?" கேட்க எப்படி இருக்கும் என்று ஒரு மகராசனும் கேட்டதில்லை. ஆட்டோக்காரருக்கு ஆயிரம் பாட்டு வேண்டும். அதில் முப்பதைத்தான் திருப்பித் திருப்பிப் போடுவார், அது வேறு விஷயம்.

அதனால் அவள் பாட்டுகளைச் சுருக்கக் கற்றுக்கொண்டாள். நாலு எம்பி பாட்டை ஒரு எம்பி ஆக்கினால், ஒரு பாட்டின் இடத்தில் நாலு பாட்டு பிடிக்கும். சுருக்கும்போது கணினி முதலில் கை வைப்பது கூர்மையான மெல்லிய ஓசைகளில்தான். ஜால்ராச் சத்தத்தின் நுனி போகும், பாடுகிறவர் மூச்சு இழுப்பது போகும். பௌர்ணமிக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு, உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் கேட்டபடி மலை சுற்றுகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? வித்தியாசம் அவள் காதுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் செய்தாள். 'கம்மி சைஸ், ஜாஸ்தி பாட்டு' என்று போர்டும் எழுதி மாட்டினாள்.

கணவன் அருள்ராஜ் வேலூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாள் டிரைவர் போட்ட பிரேக்கில் கம்பியில் மோதி முன்பல் பாதி உடைந்தது. அன்றிலிருந்து அவன் பேச்சில் 'ச' வரும் இடமெல்லாம் மெல்லிய விசில் ஒன்று சேர்ந்துகொண்டது. பல் கட்டிக்கொள்ளச் சொன்னால், "விசில் ஊதற வேலைதான, இருக்கட்டும்" என்பான். குழந்தை தென்றலுக்கு அவன் பாடிய தாலாட்டும் பஸ்ஸிலிருந்து வந்ததுதான். தூளியை ஆட்டிக்கொண்டே ராகம் போட்டு நிறுத்தங்களைச் சொல்வான்: கலசப்பாக்கம், போளூர், சந்தவாசல், கண்ணமங்கலம். சந்தவாசலில் விசில் நீளமாக வரும். கண் சொருகிக்கொண்டிருந்த குழந்தை கலகலவென்று சிரித்துவிடும். தூங்க வைக்கிற பாட்டையே அந்த ஒரு இடம் கெடுத்துவிடும்; அவனோ அதை வேண்டுமென்றே இன்னும் நீட்டுவான்.

ஒரு நாள் அதைத் தன் போனில் பதிவு செய்தாள். போனில் இடம் இல்லாததால் கடைக் கணினிக்கு மாற்றி, சாமிப் பாட்டு ஃபோல்டரில் போட்டு வைத்தாள். இந்த ஊரில் எதை அழித்தாலும் சாமிப் பாட்டை யாரும் அழிக்க மாட்டார்கள். அங்கே இருந்தால் பத்திரம் என்று நினைத்தாள்.

கார்த்திகை தீபம் வந்தது. முந்நூறு கார்டுக்கு ஆர்டர். கணினியில் இடம் பற்றவில்லை. சாமிப் பாட்டு ஃபோல்டரை மொத்தமாகச் சுருக்கக் கொடுத்து, பழையவற்றை அழித்துவிடவும் சொல்லிவிட்டாள். உள்ளே சாமியோடு சாமியாகப் புருஷனும் இருந்தது அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பதிவைப் போட்டுக் கேட்டாள். சந்தவாசல் இருந்தது, விசில் இல்லை. பல் உடையாத யாரோ ஒருவன் பாடுவது மாதிரி இருந்தது.

"ஏங்க, உங்க விசிலையே அழிச்சிட்டேங்க."

"அட உடு சந்திரா. நான் எங்க போயிடப் போறேன்? தீபம் முடியட்டும், இன்னொரு தபா பாடறேன்."

தீபம் முடிந்தது. அலுப்பில் அவளும் கேட்கவில்லை, அவனுக்கும் ஞாபகம் இல்லை. பொங்கலுக்கு முன்னால் நாலே நாள் காய்ச்சல், ஆளையே கொண்டுபோய்விட்டது.

வேறெங்கும் அவன் குரல் இல்லை. அவன் வைத்திருந்தது பட்டன் போன். கல்யாண வீடியோவில் அவன் வாய் மட்டும் அசைகிறது, மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்த வழக்கமோ! வேலூரில் ஒருவரிடம் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுபோய்க் காட்டினாள். "அழிச்ச எடத்து மேலயே பாட்டா ஏத்தியிருக்கீங்கம்மா. ஒன்னும் எடுக்க முடியாது" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் "சந்தவாசல் எறங்கு" என்று குரல் கொடுத்தபோது, பக்கத்தில் ஆள் இருப்பதையும் பாராமல் வாய்விட்டு அழுதாள்.

எட்டு வருடம் ஆகிவிட்டது. தென்றல் இப்போது ஆறாம் வகுப்புக்கு வேலூர் ஹாஸ்டலுக்குப் போகிறாள். அங்கே போன் கூடாது, கார்டு போட்டுக் கேட்கிற சின்ன பாட்டுப் பெட்டி வைத்துக்கொள்ளலாம். கிளம்பும் அன்று காலை புது கார்டோடு கடையில் வந்து நின்றாள்.

"அப்பா பாடனத இதுல ஏத்திக் குடும்மா."

ஒரு முறை போட்டுக் கேட்டார்கள். "அப்பாவுக்கு எவ்ளோ நல்ல கொரல் இல்லம்மா!" என்றாள் தென்றல்.

அப்பா குரல் இதில்லை, நீ சிரித்த இடத்தையே நான் அழித்துவிட்டேன் என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது. நாக்கைப் பல்லில் அழுத்தி அந்த விசிலை வரவழைத்துக் காட்டப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

"என்னம்மா?"

"ஒன்னுமில்லடி."

"கார்டுல நெறைய எடம் இருக்கு. கடைக்கு வர்றவங்களுக்குச் செய்யற மாதிரி சின்னதாக்கிடாதம்மா. அப்பாவ அப்படியே போடு."

"சரிடி" என்றாள் சந்திரகலா. பதினாறு ஜிபி கார்டு. ஒரு எம்பி கூட இல்லாத அந்தப் பதிவு ஏறி முடிய ஒரு நொடி ஆகவில்லை.