கோழி லேபுக்குப் போன பெட்டி

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாமகிரிப்பேட்டைப் பக்கம் வந்து என் கோழி ஷெட்டுகளைப் பார்த்துவிட்டுப் படிப்பைப் பற்றிப் பேசுங்கள். வீட்டுக்காரர் போன பிறகு ஒற்றை ஓலைக் கொட்டகையிலிருந்து நான் எழுப்பியவை அவை. கோழி நிற்கிற நிலையை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன். இருந்தாலும் அதன் ரத்தத்தையும் எச்சத்தையும் ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் நாமக்கல் லேபுக்கு அனுப்பி, அவர்கள் சொன்ன பிறகுதான் மருந்து கொடுப்பேன். எங்கள் ஜில்லாவில் கோழிக்கு அத்தனை மரியாதை.

என் மகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஜேடர்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மாதம் தவறாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். சம்பந்தியம்மா அதற்கு வைத்த பெயர் நடிப்பு. சேலத்தில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, கர்ப்பப்பைக்குள் வளர வேண்டிய சதை வெளியே வளர்ந்திருக்கலாம், வயிற்றில் துளை போட்டு கேமரா விட்டால்தான் உறுதியாகத் தெரியும் என்றார். அதற்கு மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். மாதாமாதம் தூரம் வரும்போது போகிற ரத்தத்தில் கர்ப்பப்பையின் உள்தோலும் உதிர்ந்து வருகிறதாம். துளை போடாமல் அதிலிருந்தே இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்கிறார்களாம். இன்னும் ஆராய்ச்சிதான், இதை நம்பி வைத்தியம் செய்ய முடியாது, விருப்பமிருந்தால் கொடுங்கள் என்றார். மகள் உடனே தலையாட்டினாள். தன் வலியை யாராவது ஒருவர் பரிசோதித்துப் பார்த்தால் போதும் அவளுக்கு.

சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். அந்த ரத்தம் வெளியே போனால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று துணியைக்கூட ஒளித்து எரிக்கிற குடும்பம். கையில் ஐபோன் வைத்திருக்கிறார்கள், அது வேறு விஷயம். அதனால் மகள் என் வீட்டுக்கு வந்து, டாக்டரம்மா கொடுத்த சின்னக் கப்பில் பிடித்துக் குப்பியில் ஊற்றித் தந்தாள். பெட்டியில் ஐஸ் வைத்து அடைத்தேன். சேலத்தில் கொடுக்கச் சொல்லி, லேபுக்குக் கோழிப் பெட்டி கொண்டுபோகிற எங்கள் வண்டி டிரைவரிடம் ஒப்படைத்தேன். அந்த மகராசன் முதலில் நாமக்கல்லில் வண்டியை நிறுத்தி, கோழிப் பெட்டிகளோடு அதையும் இறக்கிவிட்டுப் போய்விட்டான். எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டி.

லேபிலிருந்து போன் வந்தது.

"ஏனுங்கக்கா, ஒரு குப்பியில எந்த ஷெட்டுன்னே எழுதலைங்களே. எந்தக் கோழிதுங்க?"

"கோழி இல்ல தம்பி. எம் மவளுது. தூரத்து ரத்தம். சேலத்துக்குப் போவ வேண்டியது. ஐஸுலயே வெய்யி, இதா வாரேன்."

கார் ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், லேப் பையன் பெட்டியைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வெயிலில் வைத்திருக்கிறான். செத்த கோழியின் குடலை உருவிய கையோடு டீ குடிக்கிறவன் அவன்.

"உள்ள சாமி படம் இருக்குதுங்கக்கா" என்றான்.

"அந்தப் படத்துக்குக் கீழதான கோழிப்பீயைக் கரைக்கற?" என்றேன். படித்த பையன், சுவரில் பட்டம் மாட்டியிருக்கிறான்.

சேலம் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் முழுக்கத் தண்ணீர். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, இது உதவாதும்மா என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். மகள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

"இனிமே ஒளிச்சு அனுப்ப வேண்டாங்கம்மா. அடுத்த மாசம் அங்கிருந்தே நான் கொண்டுபோறேன்."

சொன்னபடி செய்தாள். ஜேடர்பாளையத்து வீட்டு ஃப்ரிட்ஜில், மோர்ச் சட்டிக்குப் பக்கத்தில் குப்பியை வைத்து, இது என்ன, எதற்கு, எங்கே போகிறது என்று மாமியாரிடமே சொல்லியிருக்கிறாள். அன்றைக்குச் சம்பந்தியம்மா எனக்குப் போன் போட்டு ஒப்பாரி வைத்தார். ஃப்ரிட்ஜையே கழுவ வேண்டுமாம்.

"கழுவுங்க. குப்பியை மட்டும் தொட்டுறாதீங்க, உள்ள செய்வினை இருக்குது" என்றேன். தொடவில்லை. அந்த வீட்டில் அதைவிட நல்ல காவல் கிடைக்காது.

குப்பி ஜில்லென்று சேலம் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோய்க் கொடுத்தவள், யாரையும் கேட்காமல் கேமரா பரிசோதனைக்கும் அங்கேயே நாள் குறித்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை கூடவே போயிருந்தார். அவள் நாள் குறிக்கிற வரைக்கும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.