பன்னிரண்டுக்கு மேல் சிவப்பு

நான் ஒரு மனிதரின் மண்டையை உடைத்திருக்கிறேன். கொல்லிமலையில், வளப்பூர் நாட்டு மிளகு கொள்முதல் நிலையத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க.

அங்கே எனக்குக் கணினி வேலை. மலையின் இன்னொரு ஊர்த்தொகுதியான தேவனூர் நாட்டிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். விவசாயிகள் கொண்டுவரும் மிளகில் ஒரு கை அள்ளி, ஈரம் பார்க்கும் மீட்டரில் போட்டு, அது காட்டும் எண்ணை எக்செல்லில் ஏற்றுவேன். ஈரம் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டைக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதை எடுக்கக் கூடாது.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் எதை எடுப்பது, எதைத் திருப்புவது என்று தானே சொல்லிவந்தார். தன் மிளகைத் திருப்பிய கோபத்தில் ஒரு விவசாயி அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, வாசல் கல்லில் முகத்தை மோதவைத்தார். முன்பல் போயிற்று. அவர் வேலையை விட்டுப் போனதால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

அதனால் சேர்ந்த உடனே, எக்செல் தானே முடிவு சொல்லும்படி ஒரு மேக்ரோ எழுதினேன். பெயர், எடை, ஈரம், முடிவு என்று நான்கு பத்திகள். பொத்தானை அழுத்தினால் மேக்ரோ ஈரப் பத்தியில் கட்டம் கட்டமாக இறங்கிப் போகும். எண் பன்னிரண்டைத் தாண்டியிருந்தால் முடிவுப் பத்தியில் 'திருப்பு' என்று எழுதி அந்த வரியைச் சிவப்பாக்கும். தாண்டாவிட்டால் 'எடு', பச்சை. நிலையத்தின் செயலாளருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டி என் கணினியோடு இணைத்துவிட்டார்.

"எல்லாரும் பாக்கட்டும் அம்மிணி. மெசினுக்கு மாமன் மச்சான் கெடையாது. இனி எவனும் நம்ம மேல கைய வைக்க மாட்டான்" என்றார்.

நானும் அப்படித்தான் நம்பினேன்.

அண்ணன் தம்பி இருவர். ஒரே தோட்டத்தைப் பாகம் பிரித்தவர்கள். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகள் சரிபாதியாகப் பிரிந்தன. சிமெண்டுக் களம் மட்டும் தம்பி பக்கம் விழுந்தது. அண்ணன் தார்ச்சாலை ஓரத்தில் பாயை விரித்து மிளகைக் காயப்போட்டார். பாகம் பிரித்த பிறகு அவர்களுக்குள் நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். தம்பியின் கொடிகளில் பத்திருபது வேரடியில் வெட்டுண்டு கிடந்தன. அண்ணன் வீட்டு நாய் விஷம் தின்று வாசலில் துடித்துச் செத்தது. யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை.

அன்று மூடுபனி விலகவே இல்லை. கூடத்துக்குள் விளக்குப் போட்டிருந்தோம். இருவரும் முன்னும் பின்னுமாக வந்து நின்றார்கள். தம்பியின் மிளகுக்கு மீட்டர் காட்டியது பதினொன்று புள்ளி எட்டு. அண்ணனுடையதற்குப் பன்னிரண்டு புள்ளி இரண்டு. இரண்டையும் ஏற்றிப் பொத்தானை அழுத்தினேன். சுவரில் மேல் வரி பச்சையானது. அதற்கு அடுத்த வரி சிவப்பானது.

அண்ணன் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, ஒரே தோட்டத்து மொளகுங்க. ஒரே கொடி. அவனுது பச்ச, என்னுது எப்பிடிச் செவப்பு?"

"ஈரம் கொஞ்சம் கூட இருக்குதுங்க. இன்னொரு வெயில் காயவெச்சுக் கொண்டாங்க."

"வெயில் எங்கீங்க இருக்குது?"

பின்னாலிருந்து தம்பி சிரித்தார். "பனியில காயப்போட்டா பச்சையா வரும்? ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போ. கொழம்புல போடு."

அண்ணன் திரும்பவில்லை. இடுப்பின் பின்னால் கை போனது. மரக்கிளை கழிக்கும் கொடுவாள். முதல் வெட்டு டிவியில் விழுந்தது. கண்ணாடி உடைந்து சில்லுகள் என் மடியில் கொட்டின. அப்போதும் தம்பி சிரித்துக்கொண்டே, அண்ணனின் மூட்டையை எட்டி உதைத்தார். வாய் அவிழ்ந்து மிளகு கூடம் முழுக்க உருண்டோடியது.

இரண்டாவது வெட்டுக்குத் தம்பி கையைக் குறுக்கே நீட்டினார். விரல்கள் தொங்கின. ரத்தம் என் கீபோர்டில் தெறித்து, என் கழுத்தில் வெதுவெதுப்பாக இறங்கியது. அவர் பின்வாங்கி, சிந்திய மிளகில் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தார். அண்ணன் அவர் நெஞ்சின் மேல் ஒரு காலை வைத்து, கொடுவாளைத் தலைக்கு மேல் தூக்கினார். கழுத்துக்குத்தான் குறி.

கூடத்தில் நின்ற ஆண்கள் எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். காற்றில் கதவு அடிக்காமல் இருக்க ஒரு பழைய இரும்பு எடைக்கல் வாசலில் கிடக்கும். அதை எப்போது எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. அது எலும்பில் பட்ட சத்தம் நினைவிருக்கிறது. அண்ணன் முழங்காலிட்டு, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார்.

அவர் விழுந்த பிறகுதான் ஆண்களுக்குத் தைரியம் வந்தது. கொடுவாளைத் தட்டிவிட்டு, கிடந்தவரை ஆளாளுக்கு மிதித்தார்கள். "கொல்லுங்கடா அவன!" என்று யாரோ ஒருவன் கத்தினான். "உடுங்க, செத்துருவாருங்க!" என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அவர் மேல் குப்புற விழுந்தேன். எனக்கும் விலாவில் ஓர் உதை கிடைத்தது. காலடியில் ஒரு பெண் கிடக்கிறாள் என்று தெரிந்த பிறகே நிறுத்தினார்கள்.

ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். மிளகு லாரியிலேயே இருவரையும் ஏற்றி மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் செயலாளர். தம்பியின் கையைத் துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் லாரி திரும்பும்போதெல்லாம் மயங்கிக் கிடந்த அண்ணனின் உடம்பு லாரியின் பின்தட்டில் இங்கும் அங்கும் உருண்டது. அருகில் வரும்போதெல்லாம் தம்பி அவரைக் காலால் உதைத்தார். உதைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மூச்சு வரவில்லை. விலா அப்படி வலித்தது.

ஒரு வளைவில் பின்கதவின் கொண்டி கழன்றுகொண்டது. அண்ணன் வழுக்கிக்கொண்டே ஓரத்துக்குப் போனார். தம்பி பாய்ந்து, நல்ல கையால் அவர் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்.

"உட்றாதீங்க!" என்றேன்.

"உடுவனா? கீழ உழுந்து செத்துட்டான்னா கேஸ் எப்பிடி நிக்கும்? ஜெயிலுக்குப் போவோணும் இவன்" என்றார். ஆனால் கீழே போய்ச் சேரும்வரை பிடியை விடவில்லை, மறுபடி உதைக்கவும் இல்லை. ஏன் என்று அவரிடம் நான் கேட்டதில்லை.

தம்பிக்கு இரண்டு விரல்கள் போயின. அண்ணன் பிழைத்தார். ஒரு காது கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சிறைக்குப் போனார். போலீஸ் என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு, "நீ அடிக்கலைன்னா ஒரு கொலை உழுந்திருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். நான் அடித்ததற்காக இன்றுவரை வருந்தவில்லை. ஆனால் அந்தச் சத்தம் மட்டும் தேங்காய் உடைக்கும்போது வரும். வீட்டில் இப்போது வேறு யாராவதுதான் தேங்காய் உடைக்கிறார்கள்.

நான் வேலைக்குத் திரும்பிய வாரமே அண்ணனின் மனைவி வந்தார். நேராக என் மேஜைக்கு வந்து கன்னத்தில் அறைந்தார். காது அடைத்துக்கொண்டது. மறுபடி அறையக் கை ஓங்கியபோது அந்தக் கையைப் பிடித்தேன். இருவரும் மேஜையோடு சரிந்தோம். அவர் என் முழங்கையைக் கடித்தார். நான் அவர் முடியைப் பிடித்தேன். செயலாளர்தான் வந்து பிரித்துவிட்டார்.

அன்று மதியம் மேக்ரோவைத் திறந்தேன். முழங்கை எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டைத் தாண்டினால் இது, தாண்டாவிட்டால் அது. இரண்டே வழி. அதற்குள் இன்னொரு கேள்வியை நுழைத்தேன்: தாண்டியிருந்தும் பதின்மூன்றுக்குள் நின்றால்? மஞ்சள். முடிவுப் பத்தியில் 'இங்கேயே காயவை'. பிறகு செயலாளரிடம் போய், "மஞ்சள் வர்றவங்களுக்கு நம்ம பின்னாடிக் களத்தத் தொறந்து உடோணுங்க. இல்லாட்டி நான் வேலைக்கு வல்லீங்க" என்றேன். என் முழங்கையைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த அறுவடைக்கு அண்ணனின் மனைவியே மூட்டையோடு வந்தார். மீட்டரில் போட்டேன். பன்னிரண்டைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. மஞ்சள்.

"என்ன போட்டிருக்குது?" என்று கேட்டார்.

"இங்கயே களத்துல காயவெச்சுக்கலாமுங்க. சாயந்தரம் மறுபடி பாக்கறேன்."

"யாரு சொல்றது? மெசினா, நீயா?"

"எழுதுனது நாந்தானுங்க."

அவர் கை ஓங்கினால் எந்தப் பக்கம் விலகுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அப்ப அந்தப் பக்கம் புடி" என்றார்.

இருவரும் மூட்டையைக் களத்துக்குத் தூக்கிப் போனோம்.