தொரசானிக்குப் போட்ட மாலை

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை ஓட்டலாக்கியவர், சாப்பாட்டுக் கூடத்தில் மாட்ட ஒரு பிரபு வம்சத்துப் பெண்ணின் படம் கேட்டார். எந்தப் பிரபு, எந்த நாடு என்பதெல்லாம் அவருக்குக் கவலையில்லை. பழசாகத் தெரிந்தால் போதும். செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த பழைய படம் ஒன்றைக் கொடுத்து, பெரிதாக வரைந்து தரச் சொன்னார். கடைப் பலகை எழுதிப் பிழைக்கும் எனக்கு அது பெரிய வேலை.

உடுப்பின் லேஸ் பின்னலும் கழுத்து முத்துகளும் பிரமாதமாக இருந்தன. முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெறும் கீறல்கள். கண்ணுக்கு நிறம் வேண்டுமே என்று என் தங்கையை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அவளுக்கு இதய வால்வில் கோளாறு. கோயம்புத்தூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். "என்னைய ராணியாக்கிட்டுத்தான் அனுப்புவியாக்கா?" என்று சிரித்தாள். படத்திலிருந்த வெள்ளைக்காரத் தொரசானிக்கு அவள் கண்களே அமைந்துவிட்டன. லேசுக்கும் முத்துக்கும் நடுவிலிருந்து என் தங்கை பார்த்தாள்.

ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரியில் அவள் கணவரை மட்டும்தான் இருக்கவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று, மாட்டிய படம் எப்படியிருக்கிறது என்று பார்க்க, வண்ணப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போனேன். கூடத்தில் நுழைந்தேன். படத்துக்கு வாடிய செவ்வந்தி மாலை. நெற்றியில் குங்குமம். கீழே ஊதுபத்திச் சாம்பல்.

சமையல்காரர் பெருமையாகச் சொன்னார். "ஆயுத பூசைக்குப் போட்டதுங்க. மிசினுக்கெல்லாம் போட்டோம். செத்துப்போன தொரசானிய மட்டும் வெறுங்கழுத்தா உடலாமுங்களா?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ராகுகாலம் பார்க்கும் அம்மாவைக் கேலி செய்தே வளர்ந்தவள் நான். அன்று மாலையைப் பிய்த்து எறிந்தேன். குங்குமத்தைத் துடைத்தேன். அதுவும் போதவில்லை. என் தங்கை அங்கே இருக்கவே கூடாது என்று தோன்றியது. இந்தப் பனியில் எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காய்வதில்லை. பெட்டியிலிருந்த டர்பன்டைனில் துணியை நனைத்து இரண்டு கண்களையும் அழித்தேன்.

அப்போதுதான் தங்கையின் கணவரிடமிருந்து போன் வந்தது. "ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிருச்சுங்க. ஆனா இன்னும் கண்ணு முழிக்கலீங்க. பாக்கலாம்னு சொல்றாங்க."

எதிரே கண்கள் இருந்த இடத்தில் இரண்டு சாம்பல் கறைகள். பயம் என்றால் அப்படியொரு பயம். வண்ணங்களை எடுத்து, அதே பழுப்பில் அந்தக் கண்களைத் திரும்ப வரைந்தேன். சமையல்காரர் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார்.

சாயங்காலம் தங்கை கண் விழித்தாள். இப்போது என்னைவிட வேகமாக மேடேறுகிறாள். அந்தப் படத்தைக் காட்டச் சொல்லி நச்சரிக்கிறாள். ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிக்கிறேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் காலையிலேயே போய், படத்துக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். மாலையோடு வருகிறவர்களிடம், "வேண்டாமுங்க, இவங்க உசுரோட இருக்கறாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.