இரண்டு டப்பா கூடுதல்

எங்கள் வீட்டு வெளிச்சுவர் முதன்முதலாகப் பெயிண்டைக் கண்டது அத்தையைப் பெண் பார்க்க வந்தபோதுதான். அறுபதுகளில் மாட்டுங்கா லேபர் கேம்பில் மழைக்குக் கறுத்த சுவரை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. தங்கையைப் பார்க்க ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்களே என்று அப்பாதான் பதறினார்.

மாப்பிள்ளைக்குத் திருநெல்வேலிப் பக்கம் கடை. கல்யாணம் முடிந்தால் அத்தை தாராவித் தையல் பட்டறை வேலையை விட்டுவிட்டு அங்கே போய்விட வேண்டும். "எனக்கு வேண்டாம்ணே" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். "வெக்கப்படுதா" என்று அப்பா சிரித்தார். அப்பா சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? நானும் வெட்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பெயிண்ட் வேலைக்குப் போகும் சித்தப்பா சிமெண்ட் பெயிண்ட் பொடி கொண்டுவந்து கொடுத்தார். "ரெண்டு டப்பா பொடிக்கு ரெண்டு டப்பா தண்ணி. கூடிச்சுன்னா காஞ்ச பொறவும் கையில ஒட்டும், பாத்துக்கோ" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். அத்தை தலையாட்டினாள். பிறகு என் கண்ணெதிரே நாலு டப்பா ஊற்றினாள். விடியுமுன் வரிசையில் நின்று பிடித்த குழாய்த் தண்ணீர்! என் வாய் சும்மா இருக்குமா? கேட்டேன். "நீ சும்மா கெடட்டி" என்றாள்.

அப்பா சுவரை நனைத்துவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தார். "ஏட்டி, என்ன இது, மோரா ஓடுது?"

"காஞ்சா சரியாயிரும்ணே" என்றாள் அத்தை. காய்ந்ததும் பார்வைக்கு நல்ல இளமஞ்சளாகத்தான் இருந்தது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். உள்ளே ஆண்களுக்கே இடம் போதவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அத்தையே வாசலில் பெஞ்சை இழுத்துப் போட்டு, "நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றாள். என்ன உபசாரம்! அந்த அம்மாள் எழுந்தபோது கருநீலப் பட்டின் முதுகு முழுக்க மஞ்சள் பொடி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்துத் தொலைத்தன. "ஒரு சுவருக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியாத வீட்லயா பொண்ணு எடுக்க?" என்று அவர் விருட்டென்று கிளம்ப, மாப்பிள்ளையும் பின்னாலேயே போனார்.

"எவ தண்ணிய ஊத்துனது?" என்று அப்பா கத்தினார். அத்தை வாயைத் திறக்கப் போனாள். பாவம், தெரியாமல் ஊற்றிவிட்டாள். கல்யாணமும் போய், அடியும் வாங்க வேண்டுமா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. முந்திக்கொண்டு, "நான்தான். விருந்தாளி வந்தா அம்மா சாம்பார்ல ஊத்துவால்லா, அத மாதிரி" என்றேன். அப்பா ஓர் அடி போட்டார். சாம்பாருக்காக அம்மா தனியாக இரண்டு போட்டாள்.

சாயங்காலம் அத்தை என்னை மடியில் போட்டுக்கொண்டு, அடி விழுந்த இடத்தைத் தடவித் தடவிக் குலுங்கி அழுதாள். போன மாப்பிள்ளையை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எனக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாத அத்தை. அடுத்த வாரமே வேற மாப்பிள்ளை வரணும்னு நான் சாமிகிட்ட கேக்கேன்" என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.